இஞ்சினுக்குக் கட்டிய மாலை

பத்துமலைக்கு இஞ்சின் தெரியும். தெரியும் என்பதை யாரும் கேட்காமலே சொல்லுகிற பழக்கமும் அவனுக்கு உண்டு. ஈயச் சுரங்கத்துப் பம்பு இஞ்சின்களோடு பத்து வருஷம் மல்லுக்கட்டிக் கற்ற வேலை அது. பிறகு ஈப்போவில் லகாட் சாலையோரம் தகரக் கூரை போட்டுத் தனிப் பட்டறை வைத்துக்கொண்டான். ஓடுகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால் ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவனுக்கும் இறங்க மனமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், புரட்டாசி பிறந்த சமயம், செமோருக்கு அப்பால் உள்ள ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. அவன் பிறந்து வளர்ந்த தோட்டம்தான். அப்பனும் ஆத்தாளும் அங்கே பால்மரம் வெட்டி, அங்கேயே மண்ணுக்குள் போனவர்கள். அழைத்தவர் பெரிய கிராணி மயில்வாகனம். தோட்டத்து ஆபீஸ் முழுக்க அந்த யாழ்ப்பாணத்துக்காரரின் கையில். துரைக்கு அடுத்த வாக்கு அவருடையது.

"லொறியின்ர இஞ்சின் வெடிச்சுப் போச்சு, பத்துமலை," என்றார் கிராணி. "புதுசு வாங்கத் துரை சம்மதிக்கிறார் இல்லை. பழைய துரையின்ர கார் ஒண்டு கொட்டிலுக்கை கிடக்குது. அதின்ர இஞ்சினைத் தூக்கி லொறிக்குள்ள வைக்க ஏலுமோ எண்டு கேக்கிறார்."

கொட்டகைக் கதவைத் திறந்ததும் பத்துமலை வாசலிலேயே நின்றுவிட்டான். போருக்கு முன்பு பழைய துரை சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த கார் அது. ரப்பர் விலை விழுந்த வருஷம் துரை ஊரோடு போய்விட்டார், கார் நின்றுவிட்டது. மெத்தைக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆனால் முன்மூடியைத் தூக்கினால் உள்ளே ஆறு சிலிண்டர், மூன்று மூன்றாக, ஒரு ஆள் நீளத்துக்குப் படுத்திருந்தது. கைப்பிடியை மாட்டி அரைச் சுற்றுச் சுற்றிப் பார்த்தான். எண்ணெய் போட்ட செக்கு போல அலுங்காமல் திரும்பியது. லாரிக்காரர்கள் கனவிலும் பார்த்திராத இஞ்சின்.

"முடியுமாவது? ஆயுத பூஜைக்கு ஓட்டிக் காட்டுறேன் ஐயா," என்றான்.

யாரும் நாள் கேட்கவில்லை. பத்துமலையின் நாக்கு எப்போதும் அவன் கைக்கு ஒரு பர்லாங்கு முன்னால் ஓடும்.

வேலையைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு மூங்கில் முக்காலி கட்டிச் சங்கிலியில் தொங்கவிட்டு இஞ்சினை இறக்கினான். லாரியின் சட்டத்தில் குறுக்கே ஓடிய இரும்பை அறுத்து எறிந்துவிட்டு, சுரங்கத்துத் தண்டவாளத் துண்டுகளால் புதுப் படுக்கை செய்தான். இஞ்சின் நீளமாக இருந்ததால் ஓட்டுகிறவனின் இருக்கையை ஒன்றரை அடி பின்னால் தள்ள வேண்டியிருந்தது. "இன்னும் கொஞ்சம் தள்ளினா நான் ரப்பர் ஷீட்டு மூட்டை மேலதான் உக்காந்து ஓட்டணும்லா," என்று சிரித்தான் டிரைவர் அர்ச்சுனன். பத்துமலை சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்கிற ஆள் அவன்.

கடைசியில் இடித்தது ரேடியேட்டர். இஞ்சினைச் சுற்றிச் சூடேறி வரும் தண்ணீர் காற்றுப்பட்டு ஆறுவதற்காக வண்டியின் முகப்பில் நிற்கிற சல்லடைத் தொட்டி. காரின் ரேடியேட்டர் ஆள் நெஞ்சளவு உயரம். அதை வைப்பதானால் லாரியின் முகப்பையே பிரித்துக் கட்ட வேண்டும். குறைந்தது ஒரு வாரம் பிடிக்கும். பூஜைக்கு நான்கு நாள்தான் இருந்தது. லாரியின் பழைய ரேடியேட்டரோ சின்னப் பிள்ளையின் சிலேட்டுப் பலகை போலக் கைக்கு அடக்கமாகப் பக்கத்தில் கிடந்தது, பழைய துளைகளில் பொருந்தி உட்காரத் தயாராக. இந்த இஞ்சினின் சூட்டுக்கு அது எந்த மூலைக்கும் காணாது என்று பத்துமலைக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பூஜையன்று ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று அதையே மாட்டினான்.

அர்ச்சுனன் மட்டும் ஒரு தரம் கேட்டான். "தண்ணி தாங்குமாண்ணே?"

"தாங்கும்லா," என்றான் பத்துமலை.

மாலை விஷயமும் அவன் இழுத்துவிட்டதுதான். ஈப்போ கடை மாலை நூல் போல இருக்கும், தன் லாரிக்குக் கை மொத்தத்தில் மாலை வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அப்படிக் கட்டத் தெரிந்தவள் தோட்டத்தில் ஒருத்திதான். வீரம்மா. அவனோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவள். முன்பெல்லாம் மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் கட்டிய மாலைதான் சாமி கழுத்தில் ஏறும். நான்கு வருஷத்துக்கு முன் புருஷன் குளிர்காய்ச்சலில் போனான். அன்றோடு யாரும் அவள் கையில் பூவைக் கொடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளைக் கொடுத்தார்கள்: ஆயாக் கொட்டகை அவள் பொறுப்பு. விடிகாலையில் பால் வெட்டப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இருபது தொட்டிலுக்கு நடுவில் அவள் ஒருத்தி, நாள் முழுக்க ஏதாவது ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நான் கட்டக்கூடாதுண்ணே," என்றாள்.

"ஏன் கூடாது?"

"உங்களுக்குத் தெரியாதா? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"சாமிக்கா கட்டச் சொல்றேன், இஞ்சினுக்குத்தானே. இஞ்சினுக்குக் கண்ணா இருக்கு, யார் கட்டினதுன்னு பாக்குறதுக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று என்று பத்துமலைக்குத் தோன்றியது. தான் பெரிய முற்போக்குக்காரன் என்று தன் முதுகில் தானே ஒரு தட்டும் தட்டிக்கொண்டான். சாமந்தியும் செம்பருத்தியும் அரளியுமாக ஒரு கூடை பூ வந்து சேர்ந்தது. வீரம்மா ஒரு பகல் முழுக்கத் தொட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து கட்டினாள். ஒரு தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே கட்டினாள். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை.

பூஜையன்று தோட்டமே ஸ்டோர் முன்னால் கூடியது. லாரிக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மாலை நீளமாக இருந்ததால் இரண்டாக மடித்து முகப்பில் சாற்றினார்கள். ரேடியேட்டர் பூவுக்குள் முழுகிப்போனது. பத்துமலை அதைப் பார்த்தான். காற்று உள்ளே போகாதே என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் எல்லோரும் அழகு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், கிராணிகூட கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில் மாலையை எடு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு லாரி கிளம்பியது. அது கிளம்பிய சத்தத்தை அந்தத் தோட்டத்தில் பல நாள் பேசினார்கள். லாரி சத்தமே இல்லை; பெரிய மனிதர் தொண்டையைச் செருமுவது போல ஒரு கனமான உறுமல். பின்னால் முப்பது பேர் ஏறியிருந்தார்கள். ஏழாம் நம்பர் காட்டு மேட்டில் பழைய இஞ்சின் முக்கி முனகி ஏறும். இது பாதி மேடு வரை ஓடியே ஏறிற்று. பத்துமலை அர்ச்சுனனின் பக்கத்தில் நின்றுகொண்டு இருபுறமும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

மேல் வளைவில் முகப்பிலிருந்து உஸ்ஸென்று புகை வந்தது. அர்ச்சுனன் வண்டியை நிறுத்திக் கீழே குதித்தான். ரேடியேட்டர் மூடியைத் தொடாதே என்று பத்துமலை கத்துவதற்குள் அவன் கை அதன்மேல் போய்விட்டது. கொதிநீர் பீய்ச்சி அவனுடைய வலது கை, கழுத்து, தாடை எல்லாம் அடித்தது. பிரேக் பிடித்து நிற்காமல் லாரி பின்னால் நழுவிக் கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கிச் சாய்ந்தது. ஏறியிருந்தவர்கள் குதித்துப் பிழைத்தார்கள். அர்ச்சுனனை வாழையிலையில் கிடத்தித் தூக்கிப்போனார்கள்.

கூட்டம் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. கங்காணி பழனியப்பன் மெதுவாகத்தான் கேட்டார். "மாலை யாரு கட்டினது?"

எல்லோருக்கும் தெரியும். வீரம்மா கூட்டத்தின் கடைசியில், இடுப்பில் யாருடைய பிள்ளையோ ஒன்றுடன் நின்றாள்.

கிராணி பத்துமலையிடம் திரும்பினார். "என்ன நடந்தது? நீர் வேலை தெரிஞ்ச ஆள். சொல்லும்."

ரேடியேட்டர் சிறிது என்று சொல்ல வேண்டும். தெரிந்தே மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். வெந்துபோன மாலை முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாலையாலதான் ஐயா," என்றான்.

பொய் என்று சொல்ல முடியாது. மாலை காற்றை மறைத்தது, தண்ணீர் சீக்கிரம் கொதித்தது. இஞ்சின்காரன் காதுக்கு அது அவ்வளவுதான். ஆனால் அங்கே நின்றவர்களில் ஒருவரும் இஞ்சின்காரர் இல்லை. அந்த வார்த்தை அவர்கள் காதில் எப்படி விழும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், காத்து போகலைங்க என்ற அடுத்த வார்த்தையை விழுங்கினான். பொய் சொல்லியிருந்தாலாவது பொய் சொன்னேன் என்று இருந்திருக்கும். மெய்யை வைத்தே ஒருத்தியை மாட்டிவிட்டான், பாவி.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். வீரம்மாவின் இடுப்பிலிருந்து தன் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வீரம்மா பத்துமலையைப் பார்த்தாள். அவன் சக்கரத்தைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டான்.

அடுத்த நாள் ஆயாக் கொட்டகைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. மூன்றாம் நாள் வேறொருத்தியை ஆயாவாக வைத்தார்கள். வீரம்மாவைப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள், ஆளில்லாத தூரத்துக் காட்டில், தனியாக.

பத்துமலை லாரியைத் தூக்கி நிறுத்தி, முகப்பைப் பிரித்து, காரின் பெரிய ரேடியேட்டரைப் பொருத்தினான். சரியாக ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லாரி மறுபடி பூஜை போட்டுக் கிளம்பியது. இந்தத் தடவை கங்காணியின் பெண்சாதி கட்டிய மாலை. ஏழாம் நம்பர் மேட்டில் ஒரு சொட்டு ஆவி வரவில்லை.

"பாத்தீங்களா," என்றார்கள் எல்லோரும். அவன் சரியாகச் செய்த வேலையே வீரம்மாவுக்கு எதிரான சாட்சியாகிப்போனது.

ஆஸ்பத்திரியில் அர்ச்சுனனைப் பார்க்கப் போனான். கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது. "நீங்க எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சீங்கண்ணே," என்று அவன் இவனுக்கு ஆறுதல் சொன்னான். "அந்தப் பொம்பள கை பட்டு வீணாப்போச்சு." பத்துமலை வாங்கிப்போன ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவன் வாயில் ஊட்டினான். அதைத் தவிர வேறொன்றும் செய்யத் தைரியம் வரவில்லை.

தீபாவளிக்குச் சட்டையில்லாமல்கூட இருந்துவிடலாம், இப்படி இருக்க முடியாது என்று ஒருநாள் கிராணியிடம் போய் உண்மையைக் கக்கினான். அவர் பேனாவை மைக்கூட்டில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"லொறி இப்ப ஓடுதெல்லே?"

"ஓடுது ஐயா."

"துரைக்கும் சந்தோசம். நீர் என்னத்துக்குப் பழங்கதையைக் கிளறுறீர்? துரை கேட்டால் எனக்கும் பேச்சு, உமக்கும் பேச்சு. பேசாமல் போம்."

அங்கே கிடைக்காத நியாயத்தை ஜனங்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போனான். பெயர் கூப்பிடுவதற்காக எல்லோரும் வரிசையில் நிற்கிற இடம். கங்காணியிடம் ஒரு வார்த்தை பேச அனுமதி வாங்கிக்கொண்டு, மாலையால் இல்லை, ரேடியேட்டர் சிறிது, தப்பு என்னுடையது என்று சொன்னான். சொல்லி முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. அங்கேதான் காரியம் கெட்டது.

"நம்ம லயத்துல பொறந்த புள்ளைல்ல," என்றார் பழனியப்பன் நெகிழ்ந்துபோய். "கூடப் பொறந்தவளா நெனச்சுப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு. எவனுக்கு வரும் இந்த மனசு?"

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். யாரோ அவனுக்குச் சூடாகக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் மறுக்க மறுக்க மதிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசி வரிசையில் வீரம்மா புல்வெட்டுக் கத்தியோடு நின்று, நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பால் அடி வாங்கியிருந்தால்கூட பத்துமலைக்கு அந்த அளவு கூசியிருக்காது.

வாயால் ஆகாது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவனுக்குத் தெரிந்தது இஞ்சின் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை லாரிக்கு ஓட்டம் கிடையாது. முந்தின நாளே வந்து பெரிய ரேடியேட்டரைக் கழற்றிவிட்டுப் பழைய சின்னதைக் கம்பி போட்டுக் கட்டி மாட்டினான். முப்பது ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏற்றினான். பூ இல்லை, பொட்டு இல்லை. வெயில் உச்சிக்கு ஏறட்டும் என்று காத்திருந்து, எல்லோரையும் ஏழாம் நம்பர் மேட்டுக்கு வரச் சொன்னான். விஷயம் கேள்விப்பட்டுக் கிராணியும் குடையோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த அர்ச்சுனன் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தான். வீரம்மாவையும் பத்துமலை வரச் சொல்லியிருந்தான். வந்தாள்.

இஞ்சின் உறுமியது. லாரி மேட்டில் ஏறத் தொடங்கியதும், ஓட்டிக்கொண்டிருந்த பத்துமலையின் கண் ரேடியேட்டர் மூடியிலேயே இருந்தது. மாலை இல்லாமல் காற்று தாராளமாகப் போகிறதே, கொதிக்காமல் போய்விட்டால்? அப்புறம் வீரம்மாவுக்கு இந்த ஜன்மத்தில் விமோசனம் கிடையாது. அவனே சாட்சி சொல்லி அவளை முடித்தவனாவான். முதல் வளைவு தாண்டியது. ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவும் தாண்டியது. இரண்டு மூன்று பெண்கள் திரும்பி வீரம்மாவைப் பார்ப்பது அவன் கண்ணில் பட்டது. மாரியாத்தா, என் வேலையைக் கெடுத்துக் கொடு என்று வேண்டினான். எந்த மெக்கானிக்கும் வேண்டியிருக்க மாட்டான் அப்படி ஒரு வேண்டுதல்.

மேல் வளைவுக்கு இருபது அடி முன்னால் முகப்பில் உஸ்ஸென்றது. ஆவி மூடியைச் சுற்றிக் கிளம்பி, பிறகு தண்ணீரே கொப்பளித்து முகப்பெல்லாம் வழிந்தது. பத்துமலை வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மாலை எங்க இருக்கு, காட்டுங்க. சாமி குத்தம் இல்ல, அவ கை குத்தம் இல்ல. இந்த ரேடியேட்டரு பத்தாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பூஜைக்கு ஓட்டிக் காட்டி நல்ல பேரு வாங்கணும்னு தெரிஞ்சே மாட்டினேன். அர்ச்சுனன் கேட்டான், தாங்கும்னு சொன்னேன்."

இந்தத் தடவை யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. அர்ச்சுனன் கல்லிலிருந்து எழுந்தான். தன் வலது கையை, தோல் சுருங்கிப் பளபளத்த அந்தக் கையை, கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பத்துமலையின் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போய்விட்டான். கிராணி குடையைச் சுருக்கினார்.

"திங்கக்கிழமை பெரிய ரேடியேட்டரைப் பூட்டிப்போட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போம். இனி இந்தத் தோட்டத்துப் பக்கம் வர வேண்டாம்," என்றார்.

அன்று பிள்ளையை இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு போன அதே பெண் வீரம்மாவின் அருகில் போனாள். பிள்ளையை நீட்டினாள். வீரம்மா வாங்கிக்கொண்டாள். அந்த மட்டும் பத்துமலைக்கு உயிர் வந்தது. பழைய நாக்குக்கும் உயிர் வந்துவிட்டது போலிருக்கிறது. கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனான்.

"எல்லாம் சரியாப்போச்சு வீரம்மா. அடுத்த பூஜைக்கும் நீதான் மாலை கட்டணும். எவன் பேசுறான்னு பாத்துருவோம்."

அவள் பிள்ளையின் தலையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"இஞ்சினுக்குக் கண்ணு இல்லேன்னீங்க. சரிதாண்ணே. உங்களுக்கு இருந்துச்சே. அன்னிக்கு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க."